இடுப்படி நோவுக்கு முதலில் தளர்த்தப் பழகுங்கள்

அடிவயிறு கனத்துக் கீழே இழுக்குது. கன நேரம் இருந்து எழும்பினால் நாரி பிடிக்குது. சலம் போய் வந்தும் முடிந்தது போல இல்லை. தாம்பத்திய உறவின்போது கத்தியால் கீறினது மாதிரி நோகுது. இப்படியான முறைப்பாடுகளோடு போய், ஸ்கான் எடுத்து, சலம் சோதித்து, "ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு வீடு திரும்புகிறவர்கள் பலர். ஸ்கானில் கட்டி தெரியும், கல் தெரியும். தசை இறுகிப்போய் இருப்பது தெரியாது. அதைக் கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, இடுப்பின் அடியில் ஏணைச் சீலை போல ஒரு தசைக்கூட்டம் தொங்குகிறது. சலப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குவது இதுதான். சலமும் மலமும் போகும்போது இது இளக வேண்டும், மற்ற நேரம் அளவாகப் பிடித்திருக்க வேண்டும். கரைவலை இழுத்து முடித்த கையைப் பாருங்கள். கயிற்றை விட்ட பிறகும் விரல்கள் உடனே நிமிராது, பிடித்த வளைவிலேயே நிற்கும். இடுப்படித் தசைக்கும் இதே கதிதான். முன்பு வந்த சலக்கடுப்பு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), பிரசவத்தில் கிழிந்த இடம், வருடக்கணக்கில் முக்கிப் போன மலச்சிக்கல், விழுந்து வால் எலும்பு அடிபட்டது என்று ஏதோ ஒரு நோவுக்குக் காவலாகத் தசை இறுகத் தொடங்குகிறது. தொடக்கத்தில் வந்த அந்த நோய் மாறின பிறகும் காவல் மட்டும் கலையாமல் நிற்கிறது.

ஆகவே அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னார்கள் என்று "இறுக்கி விடுகிற பயிற்சி" செய்யத் தொடங்க வேண்டாம். கீகல் என்று சொல்லும் அந்தப் பயிற்சி, இருமும்போது சலம் சிந்துகிற, தசை தளர்ந்தவர்களுக்கு நல்லது. ஏற்கெனவே இறுகி நோகிறவர் தினமும் நூறு தரம் இறுக்கினால் நோ கூடும். ஒருக்கால் சோதித்துப் பாருங்கள். காற்றுப் பிரிவதை அடக்குவது போல மெல்ல மேலே இழுத்துவிட்டு விடுங்கள். விட்டதும் உள்ளே ஏதோ கீழே இறங்கினது தெரிகிறதா? தெரியவில்லை என்றால், அல்லது இழுத்ததே தெரியவில்லை என்றால், இப்போதைக்குக் கீகல் உங்களுக்கு வேண்டாம்.

பயிற்சிக்கு முன் கழித்துவிட வேண்டியவை

சில நோக்களைப் பயிற்சியோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. காய்ச்சலோடு வரும் அடிவயிற்று நோ, சலத்தில் இரத்தம், மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு இரத்தம் படுவது, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, இவை எல்லாம் முதலில் டொக்டரிடம். பீரியட் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கமாகத் திடீரென்று வெட்டி இழுத்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். கர்ப்பகாலத்தில் நோவோடு இரத்தம் பட்டாலும் பொறுத்திருக்கக் கூடாது. சைக்கிள் சீற்று முட்டுகிற இடம் மரத்து, சலம் வராமல் நின்று, கால் சோர்ந்தால் முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள் நசிகின்றன என்று பொருள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் சலம் போகும் கட்டுப்பாடே இல்லாமல் போகலாம். ஆண்களுக்கு விதை திடீரென்று வீங்கி நொந்தால் அது முறுக்கியிருக்கலாம், காப்பாற்ற ஆறு மணித்தியாலம் அளவில்தான் அவகாசம். இந்த அவசரங்களுக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை.

துவாய்ச் சுருட்டில் மூச்சு

முதல் இரண்டு கிழமையும் இதுதான் பிரதான வேலை. லேசாகத் தெரிவதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மற்றப் பயிற்சிகள் பலிக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

குளிக்கிற துவாய் ஒன்றை நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டுங்கள், கைமணிக்கட்டுத் தடிப்பு இருந்தால் போதும். மரக்கதிரையின் நடுவே அதை முன்பின்னாக வைத்து, சலவாசலிலிருந்து மலவாசல் வரை சுருட்டின் மேல் படும்படி இருங்கள். மெத்தைக் கதிரை வேண்டாம், சுருட்டு அமிழ்ந்து போகும். பாதம் இரண்டும் நிலத்தில். ஒரு கை கீழ் விலாவில், மற்றக் கை தொப்புளுக்குக் கீழே.

மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். விலா பக்கவாட்டில் விரியும், வயிறு முன்னே வரும். மூச்சு நிறைகிற கடைசிக் கட்டத்தில், கால்களுக்கு நடுவே உள்ள இடம் துவாயை மிக லேசாக அழுத்தும். தேடுவது அதைத்தான். மேலே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள பிரிமென்றகடு இறங்கும்போது கீழே இடுப்படித் தசையும் கூடவே இறங்குகிறது. பிறகு வாயைச் சற்றுத் திறந்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். அது தானாகவே மேலே போகும், நீங்கள் இழுக்கத் தேவையில்லை. ஐந்து நிமிடம், காலையும் இரவும்.

இதில் மூன்று இடத்தில் பிழைக்கும். முதலாவது, கீழே இறக்குகிறேன் என்று முக்குவது. முக்கினால் வயிறு கல்லாகும், மூச்சு நிற்கும், தசை இன்னும் இறுகும். சந்தேகம் வந்தால் அந்த நேரம் ஒரு வசனம் பேசிப் பாருங்கள். குரல் சாதாரணமாக வந்தால் முக்கவில்லை. இரண்டாவது, தோள் காதுப் பக்கம் ஏறுவது. நெஞ்சால் மட்டும் மூச்செடுத்தால் கீழே ஒன்றும் அசையாது. மூன்றாவது, தெரியாமலே பல்லைக் கடித்து, பிட்டத்தையும் இறுக்கி வைத்திருப்பது. நாக்கை மேலண்ணத்திலிருந்து கீழே விட்டால் தாடை இளகும், அதோடு கீழேயும் இளகுவதைப் பலர் உணர்கிறார்கள்.

நாலைந்து நாள் ஒன்றுமே புலப்படாவிட்டாலும் பிழையில்லை. துவாயில் இருக்கவே நோகிறவர்கள் பாயில் நிமிர்ந்து படுத்து, கெண்டைக்காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு இதையே செய்யலாம்.

நீட்டல்கள்

சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி அடிவயிற்றில் அல்லது நாரியில் 15 முதல் 20 நிமிடம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள், தசை இலகுவாக விட்டுக்கொடுக்கும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரை கொள்ள வேண்டாம். ஒரே இடத்தில் நாளாந்தம் நெடுநேரம் சூடு பட்டால் தோலில் வலை போலக் கறுத்த அடையாளம் விழும். கன்னியா வெந்நீர் ஊற்றில் வாளியால் அள்ளி ஊற்றினால் நோ குறையுது என்கிறவர்கள் உண்டு. உண்மைதான், சூடு தசையை இளக்கும். வீட்டில் ஒரு பேசினில் இளஞ்சூட்டு நீர் நிரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தாலும் அதே பலன் கிடைக்கும்.

முதல் நீட்டல், தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூது செய்கிற நிலைக்குக் கிட்டியது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பலருக்கு உடம்பு ஏற்கெனவே பழகின குனிவு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே முழங்கால்களை அகல விட்டு, கால் பெருவிரல்கள் இரண்டும் தொட, பிட்டத்தைக் குதிக்கால் வரை இறக்கி, நெற்றியைத் தலையணியில் சாய்த்து ஒரு நிமிடம் அப்படியே மூச்செடுக்க வேண்டும். முழங்கால் நோ உள்ளவர்கள் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் இன்னொரு தலையணியைச் செருகுங்கள்.

அடுத்தது, நிமிர்ந்து படுத்து இரண்டு முழங்காலையும் அகல விரித்து அக்குள் பக்கம் இழுப்பது, குழந்தை தன் பாதத்தைப் பிடித்து விளையாடுவது போல. அதன் பிறகு ஒரு கணுக்காலை மற்றத் தொடையில் போட்டு, கீழே உள்ள தொடையை நெஞ்சுக்கு இழுங்கள். இது இடுப்புக்கூட்டின் உட்சுவரிலிருந்து தொடையெலும்புக்குப் போகிற தசையைப் பிடித்து நீட்டும். இடுப்படித் தசை அதோடு ஒட்டியே இருப்பதால், இடுப்பு மூட்டு இறுகினவருக்குக் கீழேயும் இறுகியிருப்பது வழக்கம்.

கடைசியாக, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுதாகக் குந்துவது. குதிக்கால் நிலத்தில் படாவிட்டால் அதன் கீழ் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். அந்தரத்தில் நிற்கிற குதிக்காலோடு குந்தினால் தசை இளகாது. கருப்பை இறங்குகிற உணர்வு, மூலம், அண்மையில் பிரசவம், இவை இருந்தால் குந்தலை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொன்றும் 30 முதல் 60 விநாடி, இரண்டு மூன்று தரம். நோவே இல்லாதது பூச்சியம், தாங்க முடியாதது பத்து என்றால், மூன்று அளவு நோவரை போகலாம். அடுத்த நாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அளவைப் பாதியாக்குங்கள்.

பிட்டத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று நோகிற புள்ளிகள் இருந்தால், பிள்ளைகள் ஒழுங்கையில் கிரிக்கெட் அடிக்கிற டெனிஸ் பந்து போதும். தோல் பந்து வேண்டாம். நிலத்தில் வைத்து மேலே ஏறி இருக்காமல், சுவருக்கும் பிட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாயுங்கள். அப்போதுதான் பாரத்தை நீங்களே கூட்டிக் குறைக்கலாம். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம், உருட்டாமல் நிறுத்தி. வால் எலும்பிலும், இருக்கை எலும்பின் உட்பக்கத்திலும் வைக்கக் கூடாது, அங்கே முக்கியமான நரம்பு போகிறது. காலுக்கு மின்சாரம் போல இறங்கினால் இரண்டு விரல் தள்ளி வையுங்கள்.

இருக்கிறதும் பயணமும்

கதிரையில் இருந்தால் எரிந்து, கொமோட்டில் இருந்தால் சுகமாக இருக்கிறதா? அப்படியென்றால் மேலே சொன்ன அந்த நரம்பு நசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதை மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையக் குஷனைப் பலர் வாங்குகிறார்கள். அது சுற்றிவரத் தோலை இழுத்து, நடுவைத் தொங்கவிடுவதால் சிலருக்கு நோவைக் கூட்டும். பின்பக்கம் மட்டும் வெட்டின குஷன் திறம். வாங்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டு துவாயைச் சுருட்டி, ஒவ்வொரு தொடைக்கும் பிட்டத்துக்கும் கீழே நீளமாக வைத்து, நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டால் அதே வேலை நடக்கும். கொழும்பு பஸ்ஸில் ஆறேழு மணித்தியாலம் இருக்கப் போகிறவருக்கு இது கட்டாயம். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி இரண்டு நிமிடம் நில்லுங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்புங்கள்.

மலசலகூடத்தில்

குந்துகிற கக்கூஸ் வைத்திருப்பவர்கள் இந்த விடயத்தில் கொடுத்துவைத்தவர்கள், மலக்குடல் நேராகிற நிலை அதுதான். கொமோட் என்றால் பாதத்துக்குக் கீழே ஒரு சாண் உயரக் கட்டை வைத்து, முழங்கால் இடுப்பை விட உயர, முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னே சாயுங்கள். மூச்சைப் பிடித்து முக்காமல், வாயால் நீளமாக ஊதிக்கொண்டே வயிற்றை முன்னே தள்ளுங்கள். பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழும்பி வந்து, உந்தல் வரும்போது போங்கள். போனை உள்ளே கொண்டு போகிறதை நிறுத்தினாலே பலருக்கு இது சரிவரும்!

பஸ் நிலையக் கொமோட்டில் அருவருத்து அரைக்குந்தலில் நிற்கிறவர்களின் தொடையும் இடுப்படியும் இறுகியே இருப்பதால் சலம் முழுதாகப் போகாது. ஒரு கடதாசியை விரித்து முழுதாக இருங்கள்.

வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வேறொரு சிக்கல் வரும். அடிக்கடி போக வேண்டி வரும் என்று தண்ணியைக் குறைப்பார்கள். சலம் செறிந்து சலப்பையை எரிக்கும், மலமும் இறுகும், இரண்டும் தசையைத் திரும்ப இறுக்கும். ஒன்றரை முதல் இரண்டு லீற்றர், வெயிலில் வேலை செய்தால் அதற்கு மேலும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பிளேன்டீயை இரண்டு கோப்பையோடு நிறுத்துங்கள். சோற்றோடு ஒரு கீரை, குரக்கன் பிட்டு, பயறு, பப்பாசி என்று நார் சேரட்டும். இருதய, சிறுநீரக வருத்தத்துக்குத் தண்ணி அளந்து குடிக்கச் சொன்னவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

"எதுக்கும் ஒருக்கா போயிட்டு வருவம்" என்று வெளிக்கிடும்போதெல்லாம் போகிற பழக்கம் சலப்பையைச் சுருக்கிவிடும். பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து மணி அடிக்கும் வரை அடக்குகிற ஆசிரியையின் பழக்கமும் கூடாது. மூன்று முதல் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் என்பது நல்ல இடைவெளி. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போகிறவர் மூன்று நாள் நேரத்தை எழுதிப் பார்த்துவிட்டு, கிழமைக்குப் பதினைந்து நிமிடமாகத் தள்ளலாம். உந்தல் வந்தால் ஓடாமல் கதிரையில் இருந்து, குதிக்காலை இருபது தரம் தூக்கி இறக்கி, நீள மூச்சு விடுங்கள். அலை போல எழும்பின உந்தல் தணிந்த பிறகு ஆறுதலாக நடந்து போங்கள்.

இயன் மருத்துவரிடம்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், மகப்பேற்று, பெண்நோயியல் கிளினிக்குக்கோ சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கோ அனுப்புவார்கள். அங்கிருந்து இயன் மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்குத் துண்டு எழுதுவார்கள். "நாரி நோ" என்று மட்டும் சொன்னால் முதுகுக்கு மட்டும் பயிற்சி கிடைக்கும். சலம், மலம், பீரியட், உறவு, எதில் நோ கூடுகிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொண்டு போய்க் கொடுங்கள். உங்கள் ஏரியாக் குடும்பநல மாதுவிடமும், எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகச் சுகவனிதையர் கிளினிக்கிலும் கதையைத் தொடங்கலாம். தனியாரிடம் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். இலங்கை மருத்துவ சபைப் பதிவு உண்டா, இடுப்படித் தசைக்குத் தனிப் பயிற்சி பெற்றவரா? எல்லா இயன் மருத்துவரும் இதில் பழகினவர்கள் இல்லை.

முதல் நாள் அரைவாசி நேரம் கேள்விதான். பிறகு நடை, முதுகு, இடுப்பு மூட்டு, வயிற்றுத் தழும்பு, மூச்சு. உட்பரிசோதனை தேவை என்றால் உறை போட்ட ஒரு விரலால், வழுக்கும் பசை தடவி, மணிக்கூட்டு முகம் போல ஒவ்வொரு பக்கமாக அழுத்தி எங்கே நோகிறது என்று கேட்பார்கள். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். நடுவில் நிறுத்தச் சொல்லலாம், கூட ஒரு பெண் நிற்கக் கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். வெளியிலிருந்தே செய்யக்கூடிய வைத்தியம் நிறைய உண்டு. கலியாணமாகாதவருக்கு யோனி வழிப் பரிசோதனை தேவையில்லை என்று பேசித் தீர்க்கலாம். காரணம் தெரியாத நோவுக்கு அடிவயிற்றில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவுகிறவரிடம் போக வேண்டாம், கர்ப்பத்தில் அறவே வேண்டாம்.

சிசேரியன் தழும்பு இழுத்துப் பிடித்தால், காயம் முற்றாக ஆறி ஆறு கிழமைக்குப் பிறகு, தோலை விரலால் மேலும் கீழும், இடமும் வலமும், வட்டமாகவும் ஐந்து நிமிடம் அசைத்து விடுங்கள். விரல் தோலில் வழுக்கக் கூடாது, தோல்தான் அடியிலிருப்பதன் மேல் அசைய வேண்டும்.

உறவின்போது நோ

பல்லைக் கடித்துப் பொறுத்தால் அடுத்த முறை தசை முன்கூட்டியே இறுகும். அதனால் சில காலம் உட்புகுதலை நிறுத்துவது வைத்தியத்தின் ஒரு பகுதி, இதைக் கணவருக்கும் சொல்லி வையுங்கள். துவாய் மூச்சு பிடிபட்ட பிறகு, சுத்தமான கையின் விரல் நுனியை, நகம் வெட்டி, பசை தடவி, யோனி வாசலில் வைத்து அதே மாதிரி மூச்சை இழுத்து விடுங்கள். மூச்சு இழுக்கும்போது வாசல் இளகுவது விரலுக்கே தெரியும். ஐந்து முதல் பத்து நிமிடம், கிழமைக்கு நாலைந்து நாள். நோ பத்துக்கு மூன்றைத் தாண்டாத அளவில் நின்று, அது ஒன்றுமில்லாததாகின பிறகுதான் அடுத்த அளவு. விரலுக்குப் பதில் படிப்படியாகத் தடிப்புக் கூடும் டைலேட்டர்களை இயன் மருத்துவர் தரலாம். தேங்காயெண்ணெய் பாவிக்கலாம், ஆனால் அது லேட்டெக்ஸ் கொண்டத்தைப் பழுதாக்கும். கொண்டம் பாவிக்கிறவர்கள் தண்ணீர் அடிப்படையிலான பசையை வாங்குங்கள்.

கர்ப்பிணிகள்

முன்பக்க இடுப்பெலும்பிலோ பின்னே நாரிக்குழியிலோ குத்துகிற நோவுக்கு விதி ஒன்றே ஒன்று: கால்களைப் பிரித்துப் பாரம் போடாதீர்கள். கட்டிலில் முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துப் புரண்டு, பக்கமாக எழும்புங்கள். ஓட்டோவில் முதலில் பிட்டத்தை வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி உள்ளே எடுங்கள். சேலையோடு மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கமாக இருந்து போவது இடுப்பை முறுக்கும். கோணேஸ்வரத்துக்கு ஏறுவதென்றால் ஒவ்வொரு படியாக, நோகாத காலை முதலில் வைத்து. இறங்கும்போது நோகிற கால் முதலில். நித்திரைக்கு முழங்கால்களுக்கு நடுவில் தலையணி. இடுப்புப் பட்டி போட்டால் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பு அளவில் தாழ்த்தி.

ஆண்களுக்கும் இது வரும்

விதைக்குப் பின்னே, ஆணுறுப்பின் நுனியில், விந்து வெளியான பிறகு நோ வந்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, சலச் சோதனையில் கிருமி இல்லை என்றால் புரோஸ்டேட் (சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) அழற்சி என்று அன்டிபயோட்டிக் மேல் அன்டிபயோட்டிக் போகும். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிருமி கிடையாது. நாள் முழுக்க ஓட்டோ, மோட்டார் சைக்கிள் சீற்றில் இருக்கிறவர்கள் துவாய் மூச்சையும் இடுப்பு நீட்டல்களையும் அப்படியே செய்யலாம். வெட்கத்தில் பொறுத்திருப்பதால் மாதங்கள்தான் போகும்.

எவ்வளவு காலம்

ஆறு முதல் பன்னிரண்டு கிழமை வரை நாளாந்தம் செய்து பார்க்க வேண்டும். நோ நேராகக் குறையாது. பீரியட் கிழமையிலும், நித்திரை கெட்ட நாட்களிலும், நீண்ட பயணத்துக்குப் பிறகும் திரும்ப எழும்பும். அந்த நாட்களில் நீட்டலை விட்டு, சூடும் மூச்சும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் தணியும்.

இறுக்குகிற பயிற்சிக்கு எப்போது போவது என்றால், துவாயின் மேல் இருந்துகொண்டு மெல்ல இழுத்து விட்டதும், கீழே இறங்குவது ஒவ்வொரு தரமும் தெளிவாகத் தெரிகிறபோது. தொடக்கத்தில் மூன்று விநாடி மெல்ல இழுத்து, ஆறு விநாடி விட்டு, ஐந்து தரம் மட்டும். ஐந்தாவதில் இறங்குவது தெரியாமல் போனால், அடுத்த நாள் மூன்று தரம் மட்டும்.